வண்டி வீட்டுக்கு வந்த மின்சாரம்

1919-ஆம் வருஷம் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், தாம்பா நகரத்து டீ சோட்டோ பூங்காவில் கூடிய மோட்டார் யாத்திரிகர்கள், ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டு, சங்கத்தின் சின்னமாக ரேடியேட்டர் மூடியில் ஒரு சூப் டப்பாவைப் பற்றவைத்துக்கொண்டு தேச சஞ்சாரம் கிளம்பிய நாட்களில், இரவு வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கோ பெட்ரோல் லாந்தரோ போதுமென்று திருப்தியாகவே இருந்தார்கள்.

ஆனால் விட்டுவந்த வீட்டின் சௌகரியங்கள் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்து வந்து வண்டியில் ஏறிக்கொண்டன. 1936-இல் வாலி பையம் என்பவர் தமது ஏர்ஸ்ட்ரீம் ஸ்தாபனத்தில் தயாரித்த ‘கிளிப்பர்’ என்னும் அலுமினிய இழுவண்டியிலேயே மின்விளக்குகள் உண்டு. குளிர்ச்சிக்கு உலர்பனியைப் பயன்படுத்தும் ஏற்பாடும் உண்டு. விளக்குகளோடு ஆசை நின்றிருந்தால் பாட்டரியே போதும். கூரைமேல் ஏர்கண்டிஷனர் ஏறிய பிறகுதான் ஜெனரேட்டர் தவிர்க்க முடியாத சகபிரயாணி ஆயிற்று.

மின்னியாபொலிஸில் 1920-இல் தோன்றி, இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவத்துக்கு மின் யந்திரங்களை ஏராளமாகச் செய்து கொடுத்த ஓனன் கம்பெனியின் பெயர் இத்துறையில் பிரசித்தமானது. ஜப்பானின் ஹோண்டாவோ 1965-இல் ஒற்றைக் கையால் தூக்கிச் செல்லத்தக்க 300 வாட் யந்திரத்தைக் கொண்டுவந்தது. பாரம் குறைந்தது, சப்தம் மட்டும் நெடுங்காலம் தீராத வழக்காகவே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி கொண்டதாகையால், அந்தக் கணக்குப் பிசகாதிருக்க, சிறிய ரக ஜெனரேட்டரின் எஞ்சின், எரிவது ஒரே ஒரு பல்பானாலும், நிமிஷத்துக்கு 3,600 சுற்று ஓடியே தீரவேண்டும். ஒரு பல்புக்காக முகாம் முழுவதும் தூக்கத்தை இழப்பது எந்த ஊர் நியாயம்? தேசியப் பூங்காக்களின் சட்டம் 50 அடி தூரத்தில் 60 டெசிபெல் என்று ஒலிக்கு வரம்பு கட்டியது வெறும் அதிகார விளையாட்டன்று. பிற்பாடு பரவிய இன்வெர்ட்டர் வகை யந்திரம், பிறந்த மின்சாரத்தை ஒருமுறை நேர்மின்சாரமாக்கி, மறுபடியும் 60 சுழற்சியாகத் திருத்தித் தருவதால், தேவை குறைந்தபோது எஞ்சினும் வேகத்தைத் தணித்துக்கொள்ள முடிந்தது. இத்துறையின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை என்பது என் கட்சி.

ஜெனரேட்டரைத் தேர்வு செய்பவர்கள் விளக்கையும் விசிறியையும் கூட்டிக் கணக்குப் போடுகிறார்கள், இடறுவது வேறிடத்தில். 13,500 பிடியூ ஏர்கண்டிஷனர் ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட்தான் கேட்கும். ஆனால் கம்ப்ரெஸர் உயிர்பெறும் அந்த ஒரு கணத்தில் அதைப்போல் பன்மடங்கு இழுக்க, எஞ்சின் முனகி, விளக்குகள் மங்கி, 2,000 வாட் யந்திரம் கைவிரித்துவிடுவதும் உண்டு. இரண்டு சிறு யந்திரங்களை இணைத்து ஓட்டும் வழக்கம் இதனாலேயே வந்தது. உயரமும் ஒரு கை பார்க்கும்: ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்றரை சதவீதம் சக்தி குறைவதால், 7,700 அடி உயரத்து யெல்லோஸ்டோன் ஏரிக்கரையில் கால் பங்குக்கு மேல் போய்விடும்.

புகையின் கதைதான் கொடியது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு உறங்குபவர்களை எழுப்பாமலே கொன்றுவிடுவதால், கையடக்க ஜெனரேட்டர் ஒவ்வொன்றிலும் அபாய எச்சரிக்கை ஒட்டப்பட வேண்டுமென்று 2007-இல் அமெரிக்க அரசாங்கம் விதித்தது. ஆகவே அனுபவஸ்தர்கள் யந்திரத்தை ஜன்னலுக்கு எட்டத்தில், புகைக்குழாய் வெளிப்புறம் நோக்க நிறுத்துகிறார்கள். அப்படி நோக்கும் திசையில் அடுத்தவருடைய வண்டியின் ஜன்னல் இல்லாமலும் பார்த்துக்கொள்கிறார்கள்.