சொன்னதைச் சொல்லும் கிளி

மாலை வேளையில் நம் குடியிருப்பு மரங்களில் பச்சைக் கிளிகள் கூட்டமாக வந்து அடைவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அம்மரங்களுக்கு எதிரே, சில வீடுகளின் மாடி முகப்பில் தொங்கும் கூண்டுகளிலும் அதே இனக் கிளிகள் இருக்கின்றன. மரத்துக் கிளி தன் இனத்தாரோடு தன் மொழியில் பேசுகிறது. கூண்டுக் கிளியோ, நம் குழந்தைகள் கற்பித்த 'வணக்கம்' என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லி நம்மை மகிழ்விக்கிறது. இந்த வேறுபாடு எப்போது தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பின் ஓர் உண்மை புலப்படும். கிளியைச் சிறையிட்டவர்கள் அதன் பகைவர் அல்லர். அதனை மிக விரும்பியவர்களே. அதன் நாவன்மையே அதற்குக் கூண்டு தேடித் தந்தது.

யவனர் வியந்த பறவை

ஏறத்தாழ கி.மு. 400-ஆம் ஆண்டளவில், பாரசீக மன்னரின் அவையில் மருத்துவராக இருந்த கிதீசியஸ் என்னும் கிரேக்கர், இந்திய நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், மனிதனைப் போலவே இந்திய மொழி பேசும் பறவை ஒன்று உண்டென்றும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்றும் குறித்தார். பின்னர் அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸும் கிளியைப் பெரும் புதுமையாக எழுதி வைத்தார். தோளில் செந்நிறத் திட்டு உடைய பெரிய கிளி, அம்மன்னர் பெயரால் 'அலெக்சாந்திரைன் கிளி' என்று இன்றும் வழங்கப்படுகிறது. சில நூற்றாண்டுகள் கழிந்து அர்ரியன் என்பார் எழுதுகையில், தாம் பல கிளிகளைக் கண்டிருப்பதாகவும், ஆதலின் அதனை ஒரு புதுமையாக விரித்துரைக்கப் போவதில்லை என்றும் கூறுகின்றார். இடைப்பட்ட காலத்தில் கிளி கண்காணாத நாடுகளுக்கும் சென்று பழகிய பொருளாகிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தமிழகத்துக் கிள்ளை

நம் முன்னோர் கிளியை இரு நிலைகளில் கண்டனர். குறிஞ்சித் திணைப் பாடல்களில் வரும் கிளி கட்டற்ற கிளி. அது தினைப்புனத்தில் இறங்கிக் கதிரைக் கொய்யும். பரண்மீது இருக்கும் தலைவி தட்டையும் கவணும் கொண்டு அதனை ஓட்டுவாள். அங்கே கிளிக்கும் மகளிர்க்கும் பூசல் உண்டு. ஆனால் சிறை இல்லை.

மற்றொரு நிலை வீட்டுக் கிளி. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் உறைவிடங்களில் கிளிக்கு மறையோசை பயிற்றிய செய்தி காணப்படுகிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கூறும் கிளியோ கூட்டிலிருந்து எப்போதும் கோவிந்தன் பெயரை அழைக்கிறது. உணவு கொடாமல் ஒறுத்தால், உலகளந்தான் என்று உரக்கக் கூவுகிறது. பக்திச் சுவையில் தோய்ந்து படிக்கும் நாம், அக்கிளி பசித்திருந்தது என்பதை நினைப்பதில்லை. மதுரைத் திருக்கோயிலில் கிளிகளுக்கென்றே ஒரு மண்டபம் அமைந்து, 'கிளிக்கூட்டு மண்டபம்' எனப் பெயர் பெற்றது. அங்கயற்கண்ணியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளி அமர்ந்திருப்பதை நாம் அறிவோம். அங்கே கூண்டு இல்லை என்பதும் கருதத்தக்கது.

கிளியே சொன்ன கதை

வடமொழியில் எழுபது கதை சொல்லும் கிளி, பாரசீகத்தில் 'தூத்தி நாமா' ஆயிற்று. அக்பர் அதனை ஓவியங்களோடு எழுதுவித்தார். அமீர் குஸ்ரோ என்னும் பெருங்கவிஞர் 'இந்தியாவின் கிளி' என்றே புகழப்பெற்றார். இவற்றிலெல்லாம் கிளி பிறர் கதையையே பேசியது. தன் கதையைப் பேசியது ஒரு நூலில்தான். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் அவையில் விளங்கிய பாணர் இயற்றிய 'காதம்பரி' அது.

பொற்கூண்டில் வைத்து அரசன்முன் கொணரப்பட்ட கிளி தன் வரலாற்றைச் சொல்கிறது. விந்தியக் காட்டில் பெரியதோர் இலவ மரம். அதன் பொந்துகளில் எண்ணற்ற கிளிகள் வாழ்கின்றன. வேட்டுவர் கூட்டம் கடந்து சென்றபின், முதியவன் ஒருவன் மட்டும் பின்தங்கி மரத்தில் ஏறுகிறான். பொந்துதோறும் கைவிட்டுப் பறக்கமாட்டாக் குஞ்சுகளையும் பிறவற்றையும் பற்றிக் கழுத்தைத் திருகிக் கீழே எறிகிறான். தந்தைக் கிளி தன் சிறகினுள் குஞ்சை மறைத்தவாறே உயிர் விடுகிறது. குஞ்சு மட்டும் சருகுகளின்மேல் விழுந்து பிழைக்கிறது.

இதனைக் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. கிளி வணிகம் இன்றும் மரப்பொந்தில்தான் தொடங்குகிறது. குளிர் கழிந்து வேனில் தொடங்கும் மாதங்களில் குஞ்சுகள் பொந்திலிருந்து எடுக்கப்படுகின்றன. கூடைகளிலும் பைகளிலும் நெருக்கி அடைக்கப்பட்டு நகரம் வந்து சேர்கின்றன. வழியில் இறப்பன பல. பிழைத்தவற்றின் சிறகு கத்தரிக்கப்படுகிறது. நாம் கடையில் காணும் ஒரு கிளிக்குப் பின்னே, நாம் காணாத பல குஞ்சுகள் மடிந்திருக்கின்றன.

சட்டம் நடந்த வழி

ஆங்கிலேயர் ஆட்சியில் 1887-ஆம் ஆண்டிலும், பின்னர் விரிவாக 1912-ஆம் ஆண்டிலும் காட்டுப் பறவைகளுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. 1912-ஆம் ஆண்டுப் பட்டியலில் மயிலும் கௌதாரியும் காடையும் உண்டு. கொக்கும் மீன்கொத்தியும் உண்டு. கிளி இல்லை.

விடுதலைக்குப் பின் இத்துறையில் முதற்குரல் எழுப்பியவர் நம் தமிழகத்துப் பெண்மணி என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்து, 1953-இல் விலங்குவதைத் தடுப்பு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் பயனாக அரசே 1960-இல் சட்டம் இயற்றியது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. உயிர்கள் இயல்பாக அசைய இடமின்றிக் குறுகிய கூண்டில் அடைப்பது குற்றம் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆயினும் முதற்குற்றத்திற்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் பின்னும் உரிமம் பெற்றோர் பறவை விற்கும் வழி இருந்தது. 1990-91-இல்தான் இந்நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் முற்றிலும் தடை செய்யப்பட்டன. 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி நம் பச்சைக் கிளி இரண்டாம் அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. அதனைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ பெறத்தக்க குற்றமாகும். 2024-இல் கடலூரில் கிளிச் சோதிடர் ஒருவரிடமிருந்து வனத்துறையினர் கிளிகளைக் கைப்பற்றியது இச்சட்டத்தின்படியே ஆகும். 2015-இல் தில்லி உயர்நீதிமன்றமும், வானில் பறப்பது பறவையின் உரிமை என்று கூறியது.

எனினும் சந்தை ஓயவில்லை. இந்நாட்டிற்குரிய பன்னிரண்டு கிளி இனங்களுள் எட்டு, இன்றும் மறைவாக விற்கப்படுகின்றன என்பர் ஆய்வாளர். பஹேலியா போன்ற பறவை பிடிக்கும் குடியினரை மட்டும் பழிப்பது முறையன்று. வறுமை அவர்களை மரத்தில் ஏற்றுகிறது. அவர்கள் இறக்கி வருவதை விலை கொடுத்து வாங்குவோர் நம்மைப் போன்ற நகரத்தார் அன்றோ?

நாம் செய்யத்தக்கது

கிளி பேசுவது மகிழ்ச்சியின் அறிகுறி என்று பலர் எண்ணுகின்றனர். அது கூட்டமாக வாழும் பறவை. தன் கூட்டத்தாரின் ஒலியைக் கேட்டுக் கற்கும் இயல்புடையது. கூட்டத்தை இழந்தபின் நம்மையே கூட்டமாகக் கொண்டு நம் ஒலியைக் கற்கிறது. அவ்வளவே. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்ல அப்பறவை, சிறகை விரிக்கவும் இடமில்லாத வட்டக் கூண்டில், ஊறிய கடலையும் மிளகாயும் உண்டு, தனிமை தாளாது தன் இறகைத் தானே பிடுங்குவதும் உண்டு.

ஆதலின் கிளியை வாங்காதிருப்பதே முதற்கடமை. முன்பே வீட்டில் இருப்பின், இரக்கம் மேலிட்டு உடனே கூண்டைத் திறந்துவிடுதல் தகாது. கத்தரித்த சிறகோடு, இரை தேடவும் அறியாத பறவை பூனைக்கும் காக்கைக்கும் இரையாகும். வனத்துறையினரிடமோ மீட்பு நிலையத்திலோ ஒப்படைத்தால், புதுச் சிறகு வளர்ந்து, இனத்தோடு பழகிப் பறக்கும் வாய்ப்பு அதற்கு உண்டு.

லவ் பேர்ட்ஸ், மக்காவ் முதலிய அயல்நாட்டுக் கிளிகளுக்குச் சட்டம் வேறு. அவற்றை விற்கும் கடைகள் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பன்னாட்டு உடன்படிக்கையில் அடங்கும் இனங்களை வளர்ப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தல் வேண்டும். ஆயினும் சட்டம் வேறாயினும் சிறகு வேறன்று; தனிமைத் துயரும் வேறன்று.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின்பொருட்டு இங்கு வந்தவர்கள் நாம். அலுவலகத்திலும் அங்காடியிலும் நாள் முழுதும் பிறர் மொழி பேசுகிறோம். மாலையில் நம்மவரோடு கூடி நம் மொழி பேசவே இச்சங்கத்தை நிறுவினோம். ஆண்டுதோறும் இவ்விழா எடுக்கிறோம். தன் இனத்தோடு தன் மொழி பேசும் இன்பம் இன்னதென்று நம்மினும் நன்கறிந்தவர் யார்? அவ்வின்பத்தைக் கிளிக்கு மறுப்பது நமக்கு அழகாகுமோ? இனி நம் குழந்தைகள் கிளியின் குரலைக் கேட்க விரும்பினால், மாலையில் அவர்களை மரத்தடிக்கு அழைத்துச் செல்வோம். அங்கே அது நாம் கற்பித்த சொல்லைச் சொல்லாது. தன் சொல்லைச் சொல்லும். அதனைக் கேட்கப் பழகுவோமாக.