கூரைத் தூசியில் விண்துகள்

காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாடியில் மழைத்தண்ணீர் வடிகிற மூலையில் சேர்ந்த மண்ணைத் துழாவ வேண்டும். ஒட்டியதைக் கழுவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் குட்டிக் குட்டி உருண்டைகள். "விண்வெளித் தூசி கிடைச்சாச்சு!" ரொம்ப காலமாக ஸ்கூல் பசங்க செய்கிற சயின்ஸ் ப்ராஜெக்ட் இது. ஆனா அந்த உருண்டை நிஜமாவே மேலேருந்து வந்ததுதானா? இன்னிக்கு அந்தக் கேள்வியோட வரலாறு.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலில் ஜான் முர்ரே என்ற விஞ்ஞானி போனார். ஆழ்கடல் அடிமண்ணில் காந்தத்தால் துழாவி, சிக்கிய உருண்டைகள் வானிலிருந்து விழுந்தவை என்றார். சரியாத்தான் சொன்னார். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் மண் படிவதே ரொம்பக் குறைவு.

ஊருக்குள்ள கதை வேற. 1941ல் அமெரிக்காவின் ஹார்வி நைனிங்கர் கூரைகளிலும் தேடலாம் என்றார். ஆனால் வெல்டிங் பொறி, கிரைண்டிங் பொறி, வாணவேடிக்கை எல்லாமே இதே மாதிரி உருண்டைகளைத் தரும். உருகிய துளி காற்றிலேயே உறைந்தால் உருண்டைதான். அதுக்கு விண்வெளி எதுக்கு? விஞ்ஞானிகள் நகரத்தைக் கைவிட்டு, அண்டார்டிகா பனிக்கும் ஆழ்கடலுக்கும் போய்விட்டார்கள்.

2009ல் நார்வேயில் யோன் லார்சன் தேட ஆரம்பித்தார். தொழில்முறை விஞ்ஞானி இல்லை, ஜாஸ் கிட்டார் கலைஞர். எனக்கு இவர்கிட்ட பிடிச்சதே அவருடைய பொறுமைதான். விண்துகள் *அல்லாத* உருண்டைகளை வகை வகையாகப் படமெடுத்து அடுக்கினார். வருஷக்கணக்கா இதே வேலை! 2015ல் எந்த வகையிலும் சேராத ஒரு துகள் மிஞ்சியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ கென்ஜ், நகரத்து விண்துகள் என்பதையே கட்டுக்கதை என்று நினைத்திருந்தவர், அதைச் சோதித்து ஒப்புக்கொண்டார்.

அப்புறம் ஆஸ்லோ, பாரிஸ் கூரைகள். 300 கிலோ குப்பையை அலசியதில் 500 துகள்கள். ஒவ்வொன்றும் சுமார் 0.3 மில்லிமீட்டர்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அண்டார்டிகாவில் கிடைப்பது எப்போது விழுந்தது என்று சொல்வது கஷ்டம். கூரையை அவ்வப்போது சுத்தம் செய்கிறார்களே! அந்தக் கணக்குப்படி இவற்றில் பல, கண்டெடுப்பதற்கு முந்தைய 6 ஆண்டுகளுக்குள் விழுந்தவை. அதாவது, லார்சன் தேட ஆரம்பித்தபோது அவை பூமிக்கே வந்திருக்கவில்லை.