வெப்ப மரத்தின் குளிர்ச் சப்பாத்து

ஹெவ்லொக் டவுனில் கம்பளி மேசு விற்கும் கடையைத் தேடினால் வெள்ளவத்தைவரை நடந்தும் வீணே. ஆனால் 1890 முதல் 1895 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயர் தாங்கிய இந்தப் பகுதியும், குளிர்நாட்டு மீன்பிடிகாரரின் முழங்கால் சப்பாத்தும் ஒரே நூற்றாண்டின் பிள்ளைகள்.

அந்த முழங்கால் சப்பாத்தின் மூதாதையான வெலிங்டன் பிரபுவின் சப்பாத்து முதலில் கன்றுத்தோலால் ஆனது, ஈரத்தில் ஊறும். கந்தகத்தோடு சூடாக்கி இறப்பரை உறுதியாக்கும் முறைக்கு 1844இல் சார்ல்ஸ் குட்இயர் காப்புரிமை பெற்ற பிறகே தண்ணீர் புகாத சப்பாத்து சாத்தியமானது. 1853இல் ஹைரம் ஹட்சின்சன் பிரான்சில் அதற்கொரு தொழிற்சாலை அமைத்தார். பிரேசில் விதையிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த சுமார் 1,900 இறப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொடவில் அவை வேரூன்றின. வெயிலும் மழையும் கேட்கும் மரம், பனிநாட்டுக் கால்களைக் காத்தது. எவ்வளவு அழகான முரண்!

குளிர் இலங்கைக்கும் அந்நியமல்ல. நுவரெலியா ஓடைகளில் தோட்டத்துரைமார் பிரித்தானியாவின் ட்ரவுட் மீனை வளர்த்துத் தூண்டில் போட்டார்கள். அங்கே தை மாத விடியலில் புல்மேல் உறைபனி படிவதுண்டு.

இறப்பர் தண்ணீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. சூட்டைப் பிடித்துவைப்பது உள்ளே அடைபட்ட காற்று. அதனால்தான் உள்ளே நியோப்ரீன் அல்லது கம்பளி உறை வந்தது. தடித்த மேசு போட்ட பின்னும் விரல்கள் அசைய இடமிருக்கும் அளவையே வாங்க வேண்டும்; இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும்.