கூடைப்பந்தும் குறியெறிதலும்: ஒரு வரலாற்று நோக்கு

"கூடைப்பந்து சீனர் விளையாட்டு, உயரமானவர் விளையாட்டு, நம் பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது." கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் பெற்றோர் பலர் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் சிலரும் இதனை நம்புகின்றனர். இக்கூற்றில் எத்துணை உண்மை உண்டு என்பதை அவ்விளையாட்டின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூடைப்பந்தைத் தோற்றுவித்தவர் ஓர் ஆசிரியர். 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறித்துவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பாரிடம் அடங்காத வகுப்பு ஒன்று ஒப்படைக்கப்பட்டது. பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய விளையாட்டொன்றைப் பதினான்கு நாள்களுக்குள் அமைக்குமாறு துறைத்தலைவர் லூதர் குலிக் அவரைப் பணித்தார். கையில் கிடைத்தவை ஒரு காற்பந்தும் பீச் பழக்கூடைகள் இரண்டுமே. அரங்கின் மாடிக் கைப்பிடியில், பத்தடி உயரத்தில் அக்கூடைகள் அறையப்பட்டன. டிசம்பர் திங்களில், பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பதினெட்டு மாணவர் முதல் ஆட்டத்தை ஆடினர். அவ்வாட்டம் முழுவதிலும் கூடைக்குள் விழுந்தது ஒரே ஒரு பந்துதான்.

கூடையை அவர் உயரத்தில் வைத்ததன் காரணம் சிந்திக்கத்தக்கது. கனடாவில் தாம் சிறுவராயிருந்தபோது, பாறைமீது வைத்த கல்லை வேறொரு கல்லால் எறிந்து வீழ்த்தும் விளையாட்டை அவர் ஆடியதுண்டு. அதில் வேகமாக எறிந்தவரைக் காட்டிலும், வில்போல் வளைந்து செல்லுமாறு மெல்ல எறிந்தவரே நன்மை பெற்றனர். வாய் மேல்நோக்கிய இலக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டால் முரட்டு வலிமைக்கு வேலை இராது. பழகிய கையே வெல்லும் என்று நெய்ஸ்மித் தெளிந்தார். உடல் வலிமையை அடக்குவதற்கென்றே அமைந்த விளையாட்டு இது.

இனி, இது யாருடைய விளையாட்டு என்னும் வினாவுக்கு வருவோம். அந்த முதற்பதினெண்மருள் இஷிகாவா என்னும் சப்பானிய மாணவரும் ஒருவர். 1895இல் அதே சங்கத்தின் வாயிலாக இவ்விளையாட்டு சீனத்தின் தியான்ஜின் நகரை அடைந்தது. பின்னர் மலாயாவின் சீனப்பள்ளித் திடல்களில் வேரூன்றியது. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் அச்சங்கத்தின் சார்பில் உடற்கல்விப் பள்ளியொன்றை நிறுவினார். தமிழ்நாட்டு உடற்கல்வி ஆசிரியர் பல தலைமுறையினர் அங்கே உருவாயினர். கோலாலம்பூரில் 1905இல் தோன்றிய கிறித்துவ இளைஞர் சங்கம், நம்மவர் நிறைந்த பிரிக்பீல்ட்சு வட்டாரத்திலேயே இன்று அமைந்துள்ளது. 1965இல் ஆசியக் கூடைப்பந்து வாகையர் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது வாகை சூடியது சப்பான். சென்னையில் ஆடிப் பழகி, இந்திய மகளிர் அணியின் தலைவியாக உயர்ந்த அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. நம் தமிழ்ப்பள்ளி மாணவியர் ஆடும் வலைப்பந்தும் கூடைப்பந்தின் வழித்தோன்றலே. பயின்றவர் எவரோ அவருக்கே இவ்விளையாட்டு உரியது என்பது இதனால் விளங்கும்.

எறியும் முறையும் ஒரே நாளில் அமைந்ததன்று. தொடக்கத்தில் இரு கையாலும் எறிவதே பெருவழக்கு. 1936இல் நியூயார்க் நகரில், ஹேங்க் லுசெட்டி என்னும் கல்லூரி மாணவர் ஒரு கையால் எறிந்து வென்ற ஆட்டம் அவ்வழக்கை மாற்றிற்று. எனினும் வளைவின் இன்றியமையாமை மாறவில்லை. வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் ஏறத்தாழ 24. பந்து 30 பாகைச் சாய்வில் தாழ்ந்து வருமாயின், அதற்குக் கிடைக்கும் வாயில் 22.5 சென்டிமீட்டர் மட்டுமே. விளிம்பில் முட்டாமல் நுழைய இயலாது. 45 பாகையில் இறங்கினால் வாயில் 32 சென்டிமீட்டராக விரியும். உயரம் குறைந்த பிள்ளையும் உயர்த்தி எறியக் கற்றால் இவ்வாயில் அதற்கும் திறக்கும்.

இங்கே என் தவறு ஒன்றையும் கூற வேண்டும். இளம் ஆசிரியனாயிருந்தபோது, பதினெட்டுப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே பந்தைக் கொடுத்துப் பயிற்சி நடத்தினேன். அரைமணி நேரத்தில் ஒவ்வொருவரும் எறிந்தது ஆறேழு முறைதான். அவர்கள் பயின்றது எறிதலை அன்று, காத்திருத்தலை. குட்டையான பிள்ளைகள் இரண்டு முறை தவறியதும் வரிசையின் கடைசிக்கு நழுவிச் சென்றனர். பின்னர்ப் பந்துகளை மூன்றாக்கினேன். வளையத்தைச் சுற்றி மூன்று இடங்களில் அறுவர் அறுவராக நிறுத்தினேன். ஒருவர் எறிய, ஒருவர் விழும் பந்தை எடுத்து அடுத்தவருக்கு அளிப்பார். குழு முழுவதும் சேர்ந்து பத்துக் கூடை போட்ட பின்னரே இடம் மாறலாம் என்று விதித்தேன். அதே அரைமணியில் ஒவ்வொருவருக்கும் இருபது வாய்ப்புகள் கிட்டின. தவறியவரைப் பார்த்து நகைத்தவர்களே, "இன்னும் உயர்த்தி எறி" என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினர். தம் குழுவின் பத்து நிறைய வேண்டுமல்லவா? நழுவிச் சென்ற பிள்ளைகள் வரிசைக்குத் திரும்பினர்.

பழக்கூடையைக் கொண்டு ஓர் ஆசிரியர் தொடங்கிய விளையாட்டு இது. நம் பள்ளித் திடலில் ஒரு கம்பமும் மூன்று பந்துகளும் இருப்பின், பயிற்சியைத் தொடங்கத் தடையில்லை. "நமக்கு ஒத்துவராது" என்னும் சொல்லைப் பிள்ளைகளின் காதில் விழச் செய்யுமுன், அவர்கள் கையில் பந்தைக் கொடுத்துப் பார்ப்போமாக.