ஏரி வாரியமும் தோட்ட வாரியமும்

வெம்பாக்கம் வட்டத்து மாமண்டூரில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில்கள் உள்ள குன்றினருகே விரிந்து கிடக்கும் பேரேரியை, அம்மன்னன் காலத்துச் சித்திரமேகத் தடாகம் என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுவர். தூசி மாமண்டூர் ஏரி என்று மக்கள் அழைக்கும் அந்நீர்நிலைக்குப் பாலாற்று வெள்ளமே ஜீவாதாரம். ஐப்பசி, கார்த்திகையில் சில தினங்களே கொட்டி ஓயும் மழையையும், அம்மழையால் சில நாட்களே பெருகும் ஆற்றையும் நம்பித் தொண்டை மண்டலத்தில் நெல்லும் வாழையும் மல்லிகையும் செழித்தன என்றால், அதற்கு ஏரிக்கரையே காரணம்.

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூரில் சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற சாசனங்களை, குடத்திலிட்ட ஓலையை எடுத்து உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறைக்காகவே பலரும் போற்றுகின்றனர். என் உள்ளத்தைப் பெரிதும் கவர்வதோ, அவ்வோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றவர்க்கு ஊர்ச்சபை வகுத்த பணி. ஏரி வாரியம் என்னும் குழுவுக்கு அறுவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர்; இவ்விரண்டிலும் முன்னர்த் தொண்டாற்றியோரும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோருமே ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்துக்கு உரியவராயினர். நீரையும் நிலத்தின் பசுமையையும் பரிபாலித்த அனுபவமே ஊரின் பொதுக்காரியங்களுக்குத் தகுதியாகக் கருதப்பட்டது என்று இதனால் கொள்ளலாம். சபையில் அமரும் உரிமை நிலமுடையோர்க்கே இருந்தது என்பதையும் மறைத்தல் தகாது.

கோடையில் நீர் வற்றியதும் ஊரார் கூடி வண்டலை வெட்டுவர். அது வயலுக்கும் தோட்டத்துக்கும் எருவாகும். மண் போட்டுக் கரையைப் பலப்படுத்துவர். மதகைத் திறந்து மூடி முறை வைப்பவர் நீர்க்கட்டி. மிகுநீர் கலங்கல் என்னும் வழிகால் வழியே அடுத்த ஏரிக்கு இறங்கும். குடிமராமத்து எனப்பெற்ற இவ்வூர்ப்பணி நலிந்த காலத்தில், 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அதைத் தண்டனையால் நிலைநிறுத்த முயன்றது. ஆனால் ஊரின் உரிமையாக இருந்ததை அதிகாரத்தின் ஆணையாக மாற்றிய சட்டத்தால் அதற்கு உயிர் திரும்பவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்னும் பெரும்பஞ்சம் பின்னர் வந்தது.

உலகம் வெப்பமாகி வரும் இந்நாளில் ஏரியின் தேவை முன்னினும் பெரிது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியை ஏந்தும் என்பது பௌதிக விதி. ஆதலின் பெய்யும் நாளில் மழை பெருவெள்ளமாவதும், இடைப்பட்ட வறட்சி மண்ணை மேலும் உலர்த்துவதும் இனி மிகும். 2015-இல் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தை அடுத்து, 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019-இல் அந்நகரின் குடிநீர் ஏரிகள் வறண்டன. 2021-இல் பாலாறு கரைபுரண்டது. இத்தகைய காலத்தில், ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பி வைக்கும் தோட்டம் நிலைக்குமென்று நான் நம்பவில்லை. ஏரியில் நின்ற நீரைக் கண்டபின் எதை நடுவது, எவ்வளவு நடுவது என்று தீர்மானித்தலும், கரையில் பனையையும் நொச்சியையும் பேணுதலும் இனித் தோட்டக்கலையின் முதற்பாடமாதல் வேண்டும்.

2017-இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது பெரிதும் வரவேற்கத்தக்கது. ஆயினும், தூர்வாரிய ஏரியில் எதற்கு எவ்வளவு நீர் என்று ஆண்டுதோறும் முடிவு செய்ய, பயிரிடுவோரும் பூந்தோட்டக்காரரும் மதகு காப்போரும் நிலமற்ற உழைப்பாளரும் ஒருங்கே அமரும் வாரியம் ஒவ்வோர் ஏரிக்கும் இன்னும் அமைய வேண்டியிருக்கிறது.