ஸ்பையர் நகரின் கேணி

ரைன் நதிக்கரையிலுள்ள ஸ்பையர் நகரின் பெயரைக் கேட்டதும் வரலாறு பயின்றோர் நினைவுக்கு வருவது அதன் பேராலயமே. ஜேர்மானியப் பேரரசர் பலர் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். ஆனால் அதற்கு அண்மையில், நிலத்தின் கீழ் ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத்திலே, சாதாரணக் குடும்பப் பெண்களுக்காகக் கட்டப்பெற்ற கேணியொன்றும் உண்டு. யூதர் அதனை ‘மிக்வே’ என்பர்.

மாதவிலக்கின் பின்னும் மகப்பேற்றின் பின்னும் பெண்கள் இத்தகைய நீரில் முழுகியெழ வேண்டும் என்பது யூத சமய விதி. ‘தீட்டு’ என்றதும் நம்மவர் மனத்தில் எழும் பொருளை இங்கு ஏற்றிவிடலாகாது. இது பிறப்போடு ஒட்டிச் சாகும்வரை நீங்காத தீட்டன்று. செல்வன் மனைவிக்கும் ஏழை மனைவிக்கும் விதி ஒன்றே. பெண்ணுடலின் இயல்பைச் சுற்றி வேலியிடும் மனப்பான்மை இதிலும் இல்லாமலில்லை என்பதை மறைக்க வேண்டியதுமில்லை.

பாத்திரத்தால் மொண்டு ஊற்றிய நீர் கேணிக்கு ஆகாது. ஊற்றாகவோ மழையாகவோ தானே வந்து சேர்ந்த நீர் குறைந்தது 40 சேயா அளவு நிற்றல் வேண்டும். ஆற்றில் முழுகலாமே எனின், மாரிக் குளிரில், ஊரார் கண்முன்னே, ரைன் நதியில் இறங்கும்படி ஒரு பெண்ணைக் கேட்பது எங்ஙனம்? ஆகவே நிலத்தடி நீரை எட்டும்வரை தோண்டினர். தொழுகைக்கூடத்தை விற்றேனும் கேணி கட்டலாம் என்பது சமய அறிஞர் கொள்கை. கேணியில்லாத ஊரில் வணிகன் தங்கலாம். குடும்பம் வேரூன்ற முடியாது.

இம்மக்கள் ஸ்பையருக்கு வந்த கதை பெரிதும் பொருளாதாரக் கதையே. 1084 இல் மேற்றிராணியார் ரூடிகர், மைன்ஸ் நகரிலிருந்து வந்த யூதரைக் குடியமர்த்தினார். கிராமத்தை நகரமாக்க விரும்பியதையும், யூதர் வருகையால் அதன் பெருமை ஆயிரமடங்காகும் என்று கருதியதையும் அவரது சாசனம் ஒளிக்கவில்லை. மதில், இடுகாடு, வணிக உரிமை, தமக்குள் வழக்குத் தீர்க்கும் உரிமை ஆகியன வழங்கப்பட்டன. பதிலாக ஆண்டுதோறும் மூன்றரைப் பவுண் ஸ்பையர் நாணயம் செலுத்த வேண்டியிருந்தது. இதனைக் கருணை என்போர் உளர். கணக்கு என்பதே பொருந்தும்.

1096 இல் சிலுவைப் போர் வெறி அந்நகரையும் தீண்டியது. யூதர் பதினொருவர் கொல்லப்பட்டனர். எஞ்சியோரை அப்போதைய மேற்றிராணியார் ஜோன் காத்தார். அதன் பின்னரும் அவர்கள் வெளியேறவில்லை. பேராலயத்துக்கு அருகிலேயே இடம்பெற்று 1104 இல் தொழுகைக்கூடத்தைத் திறந்தனர். 1120 களில் கேணி பற்றிய முதற் குறிப்பு கிடைக்கின்றது.

வளைகூரையின் கீழே படிகள் இறங்குகின்றன. இடையில் ஒரு முன்னறை. அதன் பக்கத்தே ஆடை களைவதற்கான ஒதுக்கிடம். அதற்கும் கீழே நீர். மேலிருந்த திறப்பின் வழியே ஒளி விழும்படி அமைத்திருந்தனர். வேலைப்பாட்டை நோக்குமிடத்து, பேராலயத்தில் உளி பிடித்த கிறிஸ்தவக் கல்தச்சரே இங்கும் உழைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இரு நூற்றாண்டுகளின் பின் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் சூறையாடியது. யூதர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற பழி ஊரூராகப் பரவியது. கையால் மொண்ட நீரும் ஆகாதென்று நிலத்தை அத்துணை ஆழந் தோண்டியவர்கள்மீது அப்பழி விழுந்தது! 1349 இல் ஸ்பையரின் யூதக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. வதந்தியைத் தொடக்கியவர் யார் என்பதைவிட, அதனாற் பயனடைந்தவர் யார் என வினவுவது நன்று. ரைன் கரை நகரங்களிலே கடன் கொடுத்தோர் மடியவே கடனும் மடிந்தது. வீடும் மனையும் கைமாறின.

பின்னர்ச் சிலர் மீண்டு வந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் அச்சமூகமும் இல்லாதொழிந்தது. தொழுகைக்கூடம் நகரின் ஆயுதக் கிடங்காயிற்று. 1689 இல் பிரெஞ்சுப் படையினர் நகருக்கு இட்ட தீயில் அதுவும் அழிந்தது. நிலத்துள் இருந்தமையாற் கேணி தப்பியது. 2021 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதச் சின்னங்களோடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ரூடிகரின் பெயரும் ஜோனின் பெயரும் ஏடுகளில் உள்ளன. அப்படிகளில் இறங்கிய பெண்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.