‘பொது இடம்’ என்ற சொல்லும் விடுபட்ட மூன்றாம் மனிதரும்

உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைபிடிப்பதைத் தடை செய்வது குறித்த விவாதத்தை நாம் வழக்கமாக இருவருக்கிடையிலான வழக்காகவே காண்கிறோம். ஒருவர் புகைப்பவர், மற்றவர் அருகில் அமர்ந்து உண்பவர். ஆனால் இந்தியச் சட்டத்தின் சொற்களைக் கால வரிசையில் வாசித்தால், மூன்றாம் மனிதர் ஒருவர் நெடுங்காலம் விடுபட்டிருந்தது புலப்படும். அவர் இவ்விருவருக்கும் பரிமாறுபவர்.

1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்கு முரணானது என்றது. 2001 நவம்பர் 2 அன்று, முரளி தியோரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் தடை விதித்தது. மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், அரங்கம், பொதுப் போக்குவரத்து ஆகியவை அதன் பட்டியலில் இருந்தன. உணவகமும் மதுக்கூடமும் இல்லை.

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் உணவகத்தைச் சேர்த்துக்கொண்டது. எனினும் அது பொது இடத்தை ‘பொதுமக்கள் வந்து செல்லும் இடம்’ என்ற பொருளில் வரையறுத்தது. வந்து செல்பவர் விருந்தினர். நாளெல்லாம் அங்கேயே நிற்பவருக்கு அந்த வரையறையில் பெயர் இல்லை. அதனால்தான் 30 பேர் அமரக்கூடிய உணவகமும் 30 அறைகள் கொண்ட விடுதியும் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கலாம் என்ற விதிவிலக்கு எவருக்கும் உறுத்தவில்லை. விருந்தினருக்கு இடம் மாறி அமரும் வாய்ப்பு உண்டு, பணியாளருக்கு?

அயர்லாந்து இக்கேள்வியை வேறிடத்திலிருந்து தொடங்கியது. 2004 மார்ச் 29 அன்று அங்கு நடைமுறைக்கு வந்த தடை, மதுக்கூடத்தை முதன்மையாகப் பணியிடமாகவே கண்டது. ‘விரும்பித்தானே வருகிறார்கள்’ என்ற வாதம் அங்கு வேலை செய்பவரிடம் செல்லாது. 2004இல் இந்தியா ஏற்புறுதி அளித்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் தன் 8ஆம் பிரிவில் உள்ளரங்கப் பணியிடங்களை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது.

இந்திய விதிகளுக்குள் ‘பணியிடம்’ என்ற சொல் 2008இல்தான் நுழைந்தது. அன்புமணி இராமதாஸ் ஒன்றிய சுகாதார அமைச்சராக இருந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் அவ்விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மதுக்கூடங்கள் உணவகம் என்ற வரையறைக்குள் வந்தன. புகைக்கும் அறைக்கு நான்கு புறமும் முழுச் சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, வெளியே செல்லும் காற்றுவழி ஆகியவை கட்டாயமாயின. அவ்வறையில் ‘வேறு சேவை’ எதுவும் கூடாது என்றும் விதி கூறியது.

இந்த ‘வேறு’ என்ற ஒற்றைச் சொல்லே பின்னர் வழக்கின் மையமாயிற்று. ஹூக்கா வழங்குவதை மும்பை மாநகராட்சி உரிம நிபந்தனைகளால் தடுத்தபோது, ‘வேறு சேவை’ என்பது புகைத்தலுக்குத் தொடர்பில்லாத சேவையையே குறிக்கும் என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. ஹூக்காவை ஏந்தியபடி பரிமாறுபவர் மீண்டும் அப்புகைக்குள் நுழைந்தார். 2017 மே மாதத்தில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தியது. ‘வேறு’ நீங்கியது, புகைக்கும் அறையில் எந்தச் சேவையும் கூடாது என்றாயிற்று.

இலக்கணத்தில் ஓர் அடைமொழி நீங்கினால் பெயர்ச்சொல்லின் பரப்பு விரியும். இங்கே அந்த விரிவு ஒரு தொழிலாளியின் நுரையீரலுக்குக் காப்பாக அமைந்தது.

ஆயினும் 2003இன் விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. அதை நீக்க 2021 ஜனவரியில் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்ட திருத்தம் இன்னும் வரைவாகவே நிற்கிறது. அது மீண்டும் விவாதத்துக்கு வரும்போது, காற்றோட்டக் கருவிகளைப் பற்றியும் விருந்தினரின் விருப்பத்தைப் பற்றியும் நிறையப் பேசப்படும். புகைக்கும் அறையில் பரிமாற எவரும் செல்லாதிருக்கலாம். ஆனால் சாம்பற்கிண்ணத்தை எடுக்கவும் தரையைத் துடைக்கவும் ஒருவர் உள்ளே சென்றே ஆகவேண்டும். விவாதத்தை அவரிடமிருந்து தொடங்குவதே முறை.